இடப்பக்க மேல் மூலை

மின்ஹாவின் தலைக்கு மேலே, இடப்பக்கமாக அகப்பையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன தெரியுது, மகள்?"

"அகப்பை."

"கண்ணை மட்டும் உருட்டக் கூடாது. தலையைத் திருப்பிப் பாருங்க."

"இன்னும் வெட்டல்லதானே, வாப்பா. மறுகா என்னத்துக்குத் திருப்புற?"

குசினிக்குள்ளிருந்து என் மனைவி பஸ்னா சத்தம்போட்டாள். "அகப்பையைத் தாங்க, கறி அடிப்பிடிக்குது!"

மின்ஹா சிரித்தாள். ஏழு வயது. நான் விடவில்லை.

முந்திய நாள்தான் கொழும்பிலிருந்து வந்திருந்தோம். அங்கே டொக்டர் அவளுடைய மூளையைத் திரையில் காட்டினார். கண்ணிலிருந்து பின்மண்டைக்குப் போகும் பார்வை நரம்புகள் நீல நூல்களாகத் தெரிந்தன. வலிப்பு தொடங்கும் இடம் சிவப்பு. நீல நூல்களில் சில வளைந்து அந்தச் சிவப்புக்குள்ளால் போயின.

சிவப்பை வெட்டி எடுத்தால் வலிப்பு நிற்கும். அந்த நூல்களும் அறுந்துபோகும். பிறகு இரண்டு கண்ணாலும் இடப்பக்க மேல் மூலை தெரியாது. தலையைத் திருப்பிப் பார்க்க இப்போதே பழக்குங்கள் என்றார்.

ஒரு மூலைதானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். தூங்கும்போது பக்கத்தில் காவல் இருக்கத் தேவையில்லை. நிலாவெளிக் கடலில் மற்றப் பிள்ளைகளோடு இறங்க விடலாம்.

அகப்பையைப் பஸ்னாவிடம் கொடுத்தேன். மின்ஹாவின் நாடியைப் பிடித்து, முகத்தை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் சரிவில். வாசல் படலைக்கு மேலால் துறைமுகம் தெரியும்.

"கப்பல்ட உச்சியில ஒரு கொடி," என்றாள்.

"அதான். அப்படித்தான்."

நன்றாகப் பழகிக்கொண்டாள். பிறகு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவளது தலை முதலில் இடப்பக்கம்தான் திரும்பும். பஸ்னாவுக்கு அது சிரிப்பு.

ஒப்பரேஷனுக்குத் திகதி தந்தார்கள்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பிய பஸ்னா, மகளின் போர்வையைச் சரிசெய்யப் போய்க் கத்தினாள். வலிப்பு தூக்கத்தில் வந்து போயிருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுத்திருந்தாள்.

கபுறுக் குழிக்குள் நான்தான் இறங்கினேன். வலப்பக்கமாகச் சரித்து, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கக் கிடத்த வேண்டும். மேலே நின்றவர்கள் அவளை என் கைகளில் இறக்கினார்கள். பாரமே இல்லை.

கபன் துணியின் தலைமாட்டு முடிச்சை அவிழ்த்தேன்.

முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

நாடியைப் பிடித்து, மெதுவாக வலப்பக்கம் திருப்பினேன்.