காணாமல் போன நடுத்தாள்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் நடுத்தாள் இல்லை.

ரெமிஜியஸ் சார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நாலாம் பக்கத்துக்கு அடுத்து ஒன்பதாம் பக்கம். இவருக்குப் பேப்பர் வராத அன்று பெங்களூரு பிரேசர் டவுனில் காக்காய்கூட வாயைத் திறக்காது என்பார்கள். அத்தனை பயம்.

பேப்பர் போடும் கோவிந்தன் அப்போதுதான் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா கோவிந்தா, நடுவுல நாலு பக்கத்தைக் காணோம்?"

"பிரஸ்லயே அப்படித்தான் சார் வந்துச்சு."

எதிர்வீட்டு ஜெயலட்சுமி எட்டிப் பார்த்தார். "எங்களுக்கும் இல்லை சார். நம்ம தெருவுல தமிழ்ப் பேப்பர் வாங்குற எட்டு வீட்டுக்கும் இல்லையாம்."

"எட்டு வீட்டுலயும் கரெக்டா அதே தாளா? எந்தப் பெரிய மனுஷன் சொல்லி உருவினே? பதினோரு வருஷமா உன்னை நம்பினேன் பாரு."

கோவிந்தன் ஹேண்டில்பாரில் தொங்கிய பேப்பர்ப் பையைச் சரிசெய்தார்.

"ஆபீசுக்குப் போன் போடுறேன். உன் ஏஜென்சி இன்னியோட காலி."

"போடுங்க சார். பூசை முடிஞ்சு வந்து போடுங்களேன்."

"எனக்கே நேரம் குறிக்கிறியா?"

உள்ளேயிருந்து மனைவி ஆஞ்சலா குரல் கொடுத்தார். "நம்ம கிளிஃபர்ட்டுக்கு இன்னிக்குக் கோயில்ல முதல் கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. 'தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்'னு ஃபாதர் கேக்கும்போது பொண்ணு வீட்டார் அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பாங்க. மாப்பிள்ளையோட அப்பா பேப்பர் தேடப் போயிருக்கார்னு நான் சொல்லணுமா?"

சார் கேட்டால்தானே. காக்ஸ் டவுன் வரை நடந்து, வேறு ஏஜென்ட்டின் கடையில் பேப்பர் வாங்கினார். நின்ற இடத்திலேயே புகார் எண்ணை அழுத்தினார். காதில் மணி அடிக்க, ஐந்தாம் பக்கத்தை விரித்தார்.

'செயின் பறிப்பு: இளைஞர் கைது.' பேர் கிளிஃபர்ட். ஊர் ஓசூர், வயசு வேறு, அப்பன் பேர் வேறு.

படம் மட்டும் இவர் மகனுடையது. நிச்சயதார்த்தத்தன்று எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட அதே படம்.

அந்த மகனோ, கோயிலுக்குப் போட்டுக்கொள்ள வீட்டில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறான்.

சார் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பெண் வீட்டுக்குப் பேப்பர் போடுவது யார் என்று யோசித்தார். அதுவும் கோவிந்தன்தான்.

"சொல்லுங்க சார்," என்றது போனில் ஒரு பெண்குரல். "ஏஜென்ட் மேல கம்ப்ளெயிண்ட்டா? பேர் சொல்லுங்க, உடனே மாத்திடறோம்."

"ஏஜென்ட்டை மாத்திடாதீங்கம்மா." சார் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அஞ்சாம் பக்கத்துல இந்தப் படத்தைப் போட்டாரே, அவர் பேரைச் சொல்லுங்க."