கடலுக்கு அனுப்பப்பட்டவர்கள்

சவுத்போர்ட் கடற்கரையில் கடல் இல்லை.

உள்வாங்கிப் போயிருந்தது. எவ்வளவு தூரம் என்றால், எதிர்க்கரை அயர்லாந்துக்காரர்கள் அதைப் பாய் மாதிரி சுருட்டி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்களோ என்று சந்தேகம் வரும். கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு. சேற்றின் மேல் ஆட்டுக்குட்டி பருமனில் கடற்காக்கைகள்.

வேதியியல் வாத்தியார் டெரெக் ஆல்டர்சன் கடிகாரத்தைப் பார்த்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஆயிரமாவது தடவை.

அவர் கூட்டி வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் பள்ளியின் ரத்தினங்கள். நாற்காலி எறிந்தவர்கள், தீ மணியை அடித்தவர்கள், பிரெஞ்சு டீச்சரின் காரை அலேக்காகத் தூக்கிக் கொண்டுபோய்க் கால்பந்து வலைக்குள் நிறுத்தியவர்கள்.

பள்ளியில் இன்று இன்ஸ்பெக்டர்கள்.

நேற்றுக் காலை தகவல் வந்ததுமே பள்ளி கல்யாண வீடாகிவிட்டது. கழிவறைக்குச் சோப்பு வந்தது. அது என்னவென்று தெரியாமல் ஒரு பையன் கடித்துப் பார்த்தான். சுவரெங்கும் 'நேர்மை', 'பரிவு', 'துணிவு' என்று, விமானத்தில் போகிறவர்களும் படிக்கும்படியான எழுத்துகள் ஏறின. ஈரம் மிக மோசமாக ஊறியிருந்த இடத்தை மறைக்கத் 'துணிவு'. அறவழித் தலைமையைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற தலைமையாசிரியை பெர்னடெட் ஹாலிவெல், ஏணியில் ஏறித் தன் கையாலேயே அதை ஒட்டினார்.

சாயங்காலம் டெரெக்கைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைங்க உங்க பேச்சைத்தான் கேக்கும், டெரெக். காலையில கடலைக் காட்டிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வந்துடுங்க."

ஹாலிவெல்லின் கண் கலங்கியிருந்தது. எப்போது கலங்க வேண்டும் என்று அந்தக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் ஆசிரியர்களோடு தனியாகப் பேசுவார். டெரெக்குக்கு அவரிடம் சொல்ல ஒரே ஒரு விஷயம் இருந்தது.

டெமி.

பதினோராம் வகுப்பு. அவள் பரீட்சையில் தேறமாட்டாள். தேறாவிட்டால் பள்ளியின் பெயர் கெடும். ஆகவே ஹாலிவெல் அவள் அம்மாவை அழைத்து, டீ கொடுத்து, நல்ல பிஸ்கட்டாகப் பார்த்துக் கொடுத்து, மகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து டெமிக்குப் பள்ளி இல்லை. அது அவளுக்கே இன்னும் தெரியாது.

இன்று இன்ஸ்பெக்டர் காதில் விழுந்தால் தடுக்கலாம். இன்றை விட்டால், அவர்கள் அடுத்து வருவதற்குள் டெமிக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

"கிளம்பலாமா, லென்?"

பஸ் படியில் உட்கார்ந்து இறைச்சி ரோலைக் கடித்துக்கொண்டிருந்த டிரைவர் லென் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க ராசா கிளம்புறது? சாயங்காலம் வரைக்கும் இங்கயே வச்சிருங்கன்னுல்ல மேடம் சொல்லியிருக்காங்க?"

டெரெக் பள்ளிக்குப் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. 'இங்கே ஒவ்வொரு குழந்தையின் குரலும் கேட்கப்படும்' என்று ஹாலிவெல்லின் பதிவுக்குரல் சொன்னது. பிறகு வயலின். பிறகும் வயலின்.

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ரயில் ஏறலாம். ஆனால் அவர் டெரெக் ஆல்டர்சன். பொறுப்பை நடுத்தெருவில் விட்டுப் போகிற ஆள் இல்லை.

கரையோரச் சுவரின் மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வினிகர் ஊற்றிய சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"டென்ஷன் ஆகாதீங்க சார்," என்றாள் டெமி. "இன்ஸ்பெக்‌ஷன்னாலே எங்கள இங்க தள்ளிட்டு வந்துடுவாங்க. போன தடவையும் கடல் இல்ல. நான் நாற்காலிய எறிஞ்சதுக்கு வந்திருக்கேன். ரீஸ் மணி அடிச்சதுக்கு. நீங்க எதுக்கு சார்?"

டெரெக் சிரிக்கப் பார்த்தார். "நான் உங்களப் பாத்துக்க வந்தவன்மா."

"போன தடவை பிரைஸ் மிஸ்ஸும் இதேதான் சொன்னாங்க. மறு வாரமே ஸ்கூல்ல ஆளக் காணோம்."

டெரெக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நேற்று மத்தியானத்தைப் பார்த்தார். ஹாலிவெல் அவரைத் தேடி வந்தது சாயங்காலம். ஆனால் அதற்கு முன்பே, மத்தியானம், அவராகவே போய் ஹாலிவெல்லின் கதவைத் தட்டியிருந்தார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் பேசுவது அழகல்ல என்று.

"இன்ஸ்பெக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்," என்றார் மெதுவாக. "அத உங்க ஹெட் மிஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். அதானே முறை."

ரீஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"அடக் கடவுளே," என்றாள் டெமி. "நான்கூட நாற்காலிய எறியறதுக்கு முன்னாடி சொல்லிட்டு எறியமாட்டேன் சார்."

சுவரே குலுங்கியது. கடற்காக்கைகள் மிரண்டு எழும்பின. டெரெக்கும் சிரித்தார், அந்த வரிசையில் அவர் சிரிப்புதான் கடைசியாக ஓய்ந்தது.

டெமி நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள்.

"சரி, அப்படி என்னதான் சார் சொல்லப் போனீங்க?"

டெரெக் பொட்டலத்தைக் கிளறி, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். கடல் இருக்கவேண்டிய திசையைப் பார்த்தபடி, அதை மென்றுகொண்டே இருந்தார்.