மூன்றாவது சஹன்

பத்து மணிக்கு இன்னும் ஏழு நிமிடம். நூலக வாசலிலிருந்த பதிவேட்டில் பதினேழு கையொப்பங்கள்.

வேண்டியது பதினெட்டு.

பரீட்சைக் காலத்தில் இரவு பன்னிரண்டு மணிவரை நூலகம் திறந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது, பல்கலைக்கழகம் ஒரு நிபந்தனையோடுதான் தலையாட்டியது. முதல் ஒரு வாரம் சோதனை. ஒவ்வோர் இரவும் பத்து மணிக்குள் பதினெட்டு வாசகர்கள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். ஓர் இரவு குறைந்தாலும், மறுநாள் முதல் பழையபடி ஆறு மணிக்குப் பூட்டு.

ஆறு இரவுகளை எப்படியோ ஒப்பேற்றிவிட்டோம். ஏழாவது இரவு பார்த்துத்தானா கூடப் படிக்கிற பரீனாவுக்குக் கல்யாணம் வர வேண்டும்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பஸ் பிடித்துக் கற்பிட்டிக்குப் போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. புள்ளிவிபரவியலில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இன்னும் ஒன்பது நாளில் மறுபரீட்சை. விடுதி அறையில் படிக்கலாம் என்றால், அங்கே மூன்று பேர் இரவிரவாகத் தொலைபேசியில் காதலிக்கிறார்கள். அந்த மூன்று காதலும் எனக்கு மனப்பாடம். சூத்திரம் ஒன்றுகூட மனப்பாடமில்லை.

இந்த முறையும் தவறினால் ஒரு வருடம் முந்தலில் வீட்டோடு இருக்க வேண்டும். வீட்டோடு இருந்தால் உம்மா மாப்பிள்ளை பேசி முடித்துவிடுவார். ஆளைக்கூடப் பார்த்து வைத்திருக்கிறார். இறால் பண்ணைக்காரர். வாய் திறந்தால் இறாலைத் தவிர வேறு கதை இல்லை.

ஆகவே, அந்த ஒரு கையொப்பம் எனக்கு உயிர்.

உள்ளே இருந்தவர்களையும் நான்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்திருந்தேன். றஸ்மி தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவன். தவச்செல்வன் மின்விசிறிக்கு நேர் கீழே அகராதியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தூங்கினாலும் ஒரு கையொப்பம்.

வாசலில் ஹமீட் நானா. கதவுக்கும் பதிவேட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் ஊர் அவரை அறிந்தது வேறு விதமாக. மதுரங்குளியிலிருந்து கற்பிட்டிவரை எந்தக் கல்யாண வீடென்றாலும் சஹன் வைக்க ஹமீட் நானா வர வேண்டும்; இந்த ஒரு வாரம் மட்டும் நூலகத்துக்காக மறுத்திருந்தார். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். ஆறு பேர் சேராமல் அவர் சோற்றை இறக்க மாட்டார்; ஆறு பேரும் முடிக்காமல் ஒருவரையும் எழும்பவும் விடமாட்டார். ஐந்து பேர் பசியோடு காத்திருந்தால், பந்தலுக்கு வெளியே போய்க் கண்ணில் படுகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து ஆறாவதாக இருத்திவிடுவார். அப்படித்தான் ஒருமுறை, வழி கேட்க வந்த ஒருவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கறிக்கு உப்புக் காணாது என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்.

நூலகத்திலும் அவருடைய கணக்கு அதுதான். சஹன் வைக்கிறவர் சஹனில் இருப்பதில்லை; பதிவேட்டை வைத்திருக்கிறவர் அதில் கையொப்பமிடுவதில்லை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. உதவிப் பதிவாளர் சிவராசா. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, புத்தளத்தோடேயே நின்றுவிட்டவர். சிரிப்பதற்கும் மேலிடத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்று நினைக்கிற முகம். ஒரு கையில் நான்காக மடித்த தாள். மற்றக் கையில் செலோ டேப்.

நான் பதிவேட்டை மறுபடி எண்ணினேன். பதினேழுதான்.

“எத்தினை பேர், ஹமீட்?”

“ரெண்டு சஹனும் அஞ்சு பேரும், சேர்.”

சிவராசா சேர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று நிமிடம். எனக்குத் தெரிந்த எல்லா துஆவும் ஒன்றாக வாய்க்கு வந்தன. ஒன்றும் முழுதாக வரவில்லை.

ஹமீட் நானா எழுந்தார். அவருடைய கண்ணில் பந்தலுக்கு வெளியே ஆள் தேடுகிற அந்தப் பார்வை வந்துவிட்டது. சேரின் முழங்கையைப் பக்குவமாகப் பிடித்துப் பதிவேட்டின் முன்னால் நிறுத்தி, விரல்களுக்கிடையில் பேனையைச் செருகினார்.

“ஓராள் கொறையுது சேர். இருங்க.”

சேர் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த நிபந்தனையைப் புரட்டிப் படித்தார். நிபந்தனையை எழுதியவரே அவர்தான். அதில் வாசகர்கள் என்று இருந்ததே தவிர, யார் வாசகர் என்று இல்லை.

கையொப்பமிட்டார். நேரம் ஒன்பது ஐம்பத்தெட்டு.

அவர் மனம் மாறுவதற்குள் ஹமீட் நானா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கைக்கு அகப்பட்ட புத்தகத்தை அவருக்கு முன்னால் வைத்தார். கோழி வளர்ப்பு.

பத்தரைக்கு சேர் கதிரையைப் பின்னால் தள்ளினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றிக் குனிந்திருந்த தலைகளை ஒருமுறை பார்த்தார். மறுபடி இருந்தார்.

“மற்றாக்கள் முடிக்க முதல் எழும்புறது முறையில்லைத்தானே” என்று யாருக்கென்றில்லாமல் முணுமுணுத்தார்.

எனக்கு அவரை முதன்முதலாகப் பிடித்துப்போனது. இத்தனை வருடம் இந்த ஊர்க் கல்யாணங்களில் அவரும் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை.

பதினொன்றரைக்குக் கோழியைப் பார்த்துச் சிரித்தார். அனுமதி எடுத்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும், செலோ டேப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மேசையை ஒழுங்குபடுத்தப் போன நான் கோழிப் புத்தகத்தை எடுத்தேன். நடுவிலே அந்தத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. விரித்தேன்.

‘நாளை முதல் நூலகம் மாலை ஆறு மணிக்கு மூடப்படும். போதிய வாசகர்கள் இல்லை.’

முத்திரை குத்தியிருந்தது. சேருடைய கையொப்பமும் இருந்தது. கையொப்பத்தின் கீழே அன்றைய திகதி, பிற்பகல் மூன்று மணி.

எண்ணிப் பார்க்க முதலே எழுதி முடித்துவிட்டார்கள்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டாகக் கிழிக்கப் போனேன். ஹமீட் நானா பறித்துக்கொண்டார். மடிப்புக் கலையாமல் மடித்து, அதே பக்கத்தில் திரும்ப வைத்தார்.

“கிழிச்சிப் போடாதீங்க புள்ள. நாளைக்கி வந்து, எந்தப் பக்கத்தில படிச்சி உட்டமெண்டு சேர் தேடுவாரு.”