விழுகிறவள்

வாருங்கள். வந்து பாருங்கள். பட்டப்பகலில், ஒலிபெருக்கி வைத்து, கைதட்டலோடு நடக்கிறது இந்த அநீதி.

மேடையில் ஒருத்தி விழுவதற்காகக் காத்திருக்கிறாள்.

எதிரே அவள் கணவன். மஞ்சள் பட்டுச் சட்டை, கறுப்பு இடைக்கச்சை. ஊர் அவனை மாஸ்டர் என்கிறது. வீட்டில் அவளும் அப்படித்தான் அழைக்கிறாள்.

கீழே கல்லூரி மாணவிகள். மகளிர் தினத்தன்று தொடங்குகிறது இந்த ஆண்டின் தற்காப்புப் பயிற்சி.

சீனத்துக் குங்ஃபூவின் வெள்ளைக் கொக்கு வரிசையை அவன் இப்போதுதான் ஆடி முடித்தான். ஒற்றைக் காலில் அவன் நின்றபோது அரங்கம் மூச்சடக்கியது. அழகுதான். அதை மறுக்க வேண்டாம்.

அடுத்தது இது. அவள் அவன் சட்டையைப் பற்றுவாள். அவன் உள்ளங்கை அவள் தோளைத் தொடும். அவள் பறந்துபோய் விழுவாள்.

"பலம் தேவையில்ல பொண்ணுங்களா," என்கிறான் ஒலிவாங்கியில். "பழகின கை பட்டாப் போதும். எவனா இருந்தாலும் பறப்பான்."

"அக்கா பாவம் மாஸ்டர், மெதுவா," என்கிறது பின்வரிசைக் குரலொன்று.

சிரிப்பு.

அவன் பொய்யன் அல்லன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் நம்புகிறான்.

மணமான புதிதில் அவன் உண்மையாகவே தள்ளினான். அவள் உண்மையாகவே விழுந்தாள். இடுப்பு வலித்தது. கை வந்து சேரும் முன்பே குதித்துவிட்டால் வலி குறைவு என்று உடம்பு கற்றுக்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவன் கை மென்மையானது. அவள் குதிப்பு முந்தியது.

இப்போதெல்லாம் அவன் தொடுவதற்குள் அவள் காற்றில் இருக்கிறாள்.

அதைத் தன் ஆற்றல் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

அவளைப் பார்த்து மாணவர்களும் விழக் கற்றார்கள். ஆசானின் கைக்கு விழாதவன் மரியாதை அறியாதவன். அவன் பயிற்சிக் கூடத்தில் அவனை ஒருவரும் உண்மையாகத் தாக்கியதில்லை. ஒருவரும் அவனிடம் உண்மை பேசியதும் இல்லை.

இதை அறிந்தவள் அவள் ஒருத்தி.

பக்கத்தில் படுத்து உறங்குகிறவனிடம் எப்படிச் சொல்வது, உன் கையில் ஒன்றுமில்லை என்று?

மூன்றாம் வரிசை ஓரத்தில் சுகிர்தா அமர்ந்திருக்கிறாள்.

சென்ற ஆண்டுப் பயிற்சியில் முதல் பரிசு வாங்கியவள். ஆடி மாதத்து மாலையொன்றில், ரயில்வே சுரங்கப்பாதையில், எவனோ ஒருவன் அவளை வழிமறித்தான். பின்னால் பாதை திறந்தே கிடந்தது. ஓடியிருக்கலாம். கூச்சலிட்டிருக்கலாம்.

அவள் கொக்கைப்போல் நின்றாள். உள்ளங்கையை அவன் தோளில் வைத்தாள்.

அவன் விழவில்லை.

மாஸ்டரும் மனைவியும் மருத்துவமனைக்குப் போனார்கள். கட்டுப்போட்ட கையை மார்பில் கிடத்தியிருந்த சுகிர்தா, மனைவியைத்தான் கேட்டாள்.

"நான் எங்கக்கா தப்பா வெச்சேன்? நீங்க விழுந்தீங்களே."

மாஸ்டர் குனிந்து, தன் தோளில் இடம் காட்டினான். "இன்னும் கொஞ்சம் உள்ள வெச்சிருக்கணும்மா. பழகப் பழக வரும்."

மனைவி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்த பிறகும் விரல்கள் எதையோ உரித்துக்கொண்டிருந்தன.

சுகிர்தாவின் அந்த முழங்கை இன்னும் நீளவில்லை. மடியில் மடங்கிக் கிடக்கிறது. பாருங்கள்.

மேடையில் அவள் சட்டையைப் பற்றுகிறாள்.

அவன் கை அவள் தோளைத் தொடுகிறது.

இளஞ்சூடான கை. தலைவலித்த நாள்களில் அவள் நெற்றியைப் பிடித்துவிட்ட கை.

அவள் நிற்கிறாள்.

"விழு" என்று அவன் முணுமுணுக்கவில்லை. அவனுக்கு அது தோன்றாது. அவள் விழுவது தன்னால் என்றல்லவா நம்பியிருந்தான்.

மீண்டும் தொடுகிறான். பிறகு அழுத்துகிறான். அவள் குதிகால் பலகையில் ஊன்றியிருக்கிறது. பட்டுத்துணி அவள் பிடியில் கசங்குகிறது.

"வீட்டுல சண்டை போல," என்கிறாள் ஒருத்தி. அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது.

அவன் தன் உள்ளங்கையைப் பார்க்கிறான். பிறகு அவள் முகத்தை. ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடித்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி:

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

அந்தப் பரிவில் அவள் குதிகால் பலகையிலிருந்து சற்றே எழுகிறது. இப்போதும் விழலாம். விழுந்தால் இன்று இரவு இருவரும் நேற்றுப்போலவே உண்பார்கள்.

இல்லை என்று தலையசைக்கிறாள். பிடியை விடவில்லை.

அவன் நிமிர்கிறான். நம்பிக்கை உள்ளவன் அல்லவா. ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோகிறான்.

"இவங்களுக்கு இன்னிக்கு முடியல. வேற யாராச்சும் மேல வாங்கம்மா."

சிரிப்பு அடங்குகிறது. முதல் வரிசை பேராசிரியர்கள் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். மாணவிகள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். யாரும் எழவில்லை.

இத்தனை பேர் நடுவே, ஒருவன் சட்டையைப் பற்றிக்கொண்டு, தனியாக நிற்கிறாள் அவள்.

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. நீளாத கை முன்நாற்காலியை எட்டப் பார்க்கிறது. எட்டவில்லை. மற்றக் கையை ஊன்றி சுகிர்தா எழுகிறாள்.

அவளை மட்டும் அனுப்பிவிட்டு அமர்ந்திருக்காதீர்கள்.

எழுங்கள். மேடையேறுங்கள். அவன் கை உங்கள் தோளைத் தொடட்டும்.

விழாதீர்கள்.