பம்ப் ரூம் வகுப்பு

"எல்லாரும் வெளிய வாங்க! இன்னியோட இந்த வகுப்புக்கு முழுக்கு!"

டைலர் போட்ட சத்தத்தில், பம்ப் ரூமுக்குள் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். அவருக்குப் பின்னால் வாசலை அடைத்துக்கொண்டு ஏழெட்டு ஆண்கள். பாதிப் பேர் உள்ளே இருந்தவர்களின் வீட்டுக்காரர்கள்.

மோட்டார் கெட்டுப்போய் இரண்டு வருஷமாகச் சும்மா கிடந்த அறை அது. ஆறு மாதம் முன்பு அதைக் கழுவி, சுவரில் கரி பூசிக் கரும்பலகையாக்கியவள் டீச்சர். டீச்சர் என்பது அந்தச் சந்துக்காரர்கள் வைத்த பெயர்தான். காலையில் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். அதே குடிசைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்து, எப்படியோ பத்தாவது தாண்டியவள்.

"என்ன மாமா தப்பு பண்ணிட்டோம்?"

"இது பொது ரூம். உன் இஷ்டத்துக்குப் பள்ளிக்கூடம் நடத்த யாரு சொன்னது? நாளைக்கே கார்ப்பரேஷன் ஆபீஸ்லருந்து வந்து, இதோட சேத்து நம்ம குடிசைங்களையும் இடிச்சா நீ பொறுப்பா?"

'இடிச்சா' என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆண்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதிப்பார்கள் என்று தெரிந்துதான் டைலர் அந்தச் சொல்லை எடுத்தார்.

"என் வீட்டுக்காரி இப்பல்லாம் எதைச் சொன்னாலும் 'எங்க எழுதியிருக்கு, காட்டு'ங்குறா" என்று எகிறினார் பெயின்டர்.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

டைலர் சிரிக்கவில்லை. அவர் கண் திரும்பத் திரும்ப முதல் வரிசைக்கே போனது. அங்கே பாட்டில் அக்கா குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய இரும்புக் கடையில் பாட்டில் பிரிக்கிற வேலை. விரலெல்லாம் கண்ணாடி கீறிய தழும்பு.

டீச்சர் வாசலுக்கு வந்தாள். "பல்பைக் கழட்டினீங்க, பொறுத்துக்கிட்டேன். பொம்பளைங்களைக் கெடுக்குறேன்னு புரளி கிளப்பினீங்க, அதையும் பொறுத்துக்கிட்டேன். அவங்கவங்க வீட்டுல கிடக்கிற கடுதாசி, மருந்துச் சீட்டெல்லாம் கொண்டாங்க, நீங்களே படிங்கன்னு நேத்துதான் சொன்னேன். இன்னிக்குப் பூட்டோட வந்து நிக்கிறீங்க. உண்மையச் சொல்லுங்க மாமா. இவங்க படிச்சுட்டா, உங்க கடை வாசல்ல இனி யாரும் வந்து நிக்க மாட்டாங்க. அந்தப் பயம்தானே?"



இருபது வருஷமாக அந்தச் சந்துக்கு யார் பெயரில் தபால் வந்தாலும் தையல்கடைக்குத்தான் வரும். குடிசைகளுக்குத்தான் கதவு எண்ணே கிடையாதே. மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்துக் காட்டுவார் டைலர். அதற்காக ஒருத்தரிடமும் ஒரு வாய் டீகூட வாங்கியதில்லை.

டைலர் பூட்டைக் கையில் எடுத்தார்.

"நீ அப்படியே வச்சுக்கம்மா" என்றார்.

ஆண்கள் ஆளுக்கொருத்தியைப் பெயர் சொல்லி அதட்ட, பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்தார்கள். டைலர் கதவை இழுத்துப் பூட்டினார்.

"கதவுக்குத்தான் பூட்டு மாமா. நாளைக்கு ரோட்டுல உக்காந்து நடத்துவேன்" என்றாள் டீச்சர்.

"நடத்திப் பாரு!"

கடைக்குத் திரும்பி மெஷினில் உட்கார்ந்தார். தையல் ஓடவில்லை. நூல் அறுந்துகொண்டே இருந்தது. கோக்கிறார், மறுபடி அறுகிறது. மேஜை மேல் நிழல் விழ, நிமிர்ந்தார்.

பாட்டில் அக்கா.

"சாவியக் குடுங்கண்ணே."

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா படிப்பு? நான் ஒருத்தன் இல்லையா? வெளியூர்லருந்து உன் மகன் மாசாமாசம் போடுற கடுதாசிய ஒரு வரி விடாம படிச்சுக் காட்டலையா?"

"காட்டுனீங்க."

"அப்புறம் என்ன? அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு, இருக்கிற காகிதத்தையெல்லாம் குடைஞ்சு எடுக்காதே. எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடு. பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் நகரவில்லை.

"மூணு வருசத்துக்கு முன்னால ஒண்ணு வந்துச்சே. 'நல்லா இருக்கேன், உடம்பப் பாத்துக்கம்மா'ன்னு படிச்சுட்டு என் கையில குடுத்தீங்களே... அதை ரெண்டு மாசம் முன்னாடியே எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேண்ணே. ஒரு நாள் பூரா ஆச்சு."

மெஷினை மிதித்துக்கொண்டிருந்த டைலரின் கால் நின்றது.

"கட்டட வேலையில சாரம் சரிஞ்சு என் மகன் போயிட்டான், அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம்னு மேஸ்திரி எழுதியிருக்காரு."

"அன்னிக்கு உன் முகத்தப் பாத்தேம்மா... வாய் வரலை. ஒரு தடவ பொய் சொல்லிட்டேன், அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உங்க கையெழுத்து. உங்க கடைப் பலகையில இருக்கிற அதே கோணல் 'ழ'. தெரிஞ்ச பிறகும் ரெண்டு கடுதாசிய நீங்க படிக்கக் கேட்டேனே."

டைலர் சாவியை நீட்டினார். அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

வாங்கிக்கொண்டு படி இறங்கியவள், திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த மாசக் கடுதாசிய மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்கண்ணே. இனிமே நானே படிச்சுக்கிறேன்."