அந்தப் பழைய வசவு

"இது காபியா, கழனித்தண்ணியா?" என்று சீறினார் கணவர்.

"வேற போட்டுத் தரேங்க" என்றாள் மனைவி, சாந்த சொரூபியாக.

"சட்டையில பொத்தானைக் காணோம்!"

"தைச்சுத் தரேங்க."

கொரோனா போய் மாதங்களாகியும் நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்குச் சரியாக நாளாகும் என்று, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் பெரிய டாக்டர் அறிவித்திருந்தார். அன்று முதல் வீட்டில் ஆஸ்பத்திரி அமைதி.

கணவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "உங்க அண்ணன் ஒரு வெத்துவேட்டு!"

கரண்டி தரையில் விழுந்தது. "என் கிட்னியை உள்ளே வச்சுக்கிட்டு, எங்க அண்ணனையே பேசுறீங்களா?"

"அப்பாடா!" அவர் நாற்காலியில் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. "முன்னெல்லாம் தினமும் கேட்டது. நீ தரேங்க, தரேங்கன்னு குழையவும், டாக்டர் உங்கிட்ட மட்டும் எனக்குக் கெடு சொல்லிட்டாரோன்னு பயந்துட்டேன்டி!"