எதிரணித் தளபதி

மகன் வந்து இறங்குவதற்குள் மிச்சமிருக்கும் இரண்டு பேரையும் முடித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பல்லக்கா. ஒருவனுக்குத் தலை கையோடு வந்துவிட்டது. இன்னொருவனுக்குக் கண்தான் பாக்கி.

இருவரும் கட்டைவிரல் உயரம். வேற்றுக் கிரகத்துச் சுரங்கத்துக்காகச் சண்டை போடும் கூலிப்படை ஆட்கள், பிளாஸ்டிக்கில். இரும்புக் கை, கண்ணாடி முகமூடி, முதுகில் பிராணவாயு உருளை.

தலைக்குப் பசை தடவிக் காயவைத்துவிட்டு, கண் பாக்கியிருந்த தளபதியை எடுத்தாள். செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். பக்கத்துப் பல்லின் மஞ்சளை அச்சு அசலாகக் கொண்டுவந்த கை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்.

மாடி வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "என்ன பல்லக்கா, இந்த வயசுல பொம்மை விளையாட்டா?"

"பொம்மையாம்ல! சண்டைடி இது. என் பையனும் நானும் போடற சண்டை."

"அவன்தான் கண்காணாத தேசத்துல இருக்கானே?"

"இருந்தா என்ன? அங்க இருந்துக்கிட்டே தினம் என்னைப் போட்டு அடிக்கிறான்."

கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் வேலைக்கென்று விமானம் ஏறிய பிறகு, அந்த வீட்டில் ஃப்ரிட்ஜின் உறுமல்தான் ஒரே பேச்சுத்துணை. சில நாள் சாயங்காலம் வாயைத் திறந்தால் குரல் கட்டியிருக்கும். காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்த மகனின் பழைய பெட்டியை இறக்கினாள். உள்ளே வண்ணம் பூசாத இரண்டு படைகள்.

விதிகளை எழுத்துக்கூட்டிப் படித்து, அட்டையில் இடிந்த சுவர்கள் வெட்டி, சாப்பாட்டு மேசையில் போர்க்களம் விரித்தாள். ஒற்றைத் தட்டு வைக்க மேசையில் எவ்வளவு இடம் வேண்டும்? மூலையில் ஒரு சாண் போதும்.

மேசையைப் படம் எடுத்து, பள்ளி நாளில் மகன் விளையாடிய இணையதளத்தில் 'புயல்' என்ற அவன் கணக்குக்கு அனுப்பினாள். ஒரு வாரம் மூச்சுப் பேச்சில்லை. பிறகு பதில் வந்தது: எந்த ஆளை எந்தச் சுவர் பக்கம் நகர்த்த வேண்டும் என்று. அன்றிலிருந்து அவன் சொல்வதை அவள் நகர்த்தினாள். பகடையைக் கணினி உருட்டியது.

சின்ன வயதில் அவன் அவசரக் குடுக்கை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் மேசையையே தட்டிவிட்டு ஓடுவான். இப்போது ஒரு நகர்த்தலுக்கு அரை நாள் யோசித்தான். வெளியூர்ச் சோறு பையனைப் பக்குவப்படுத்திவிட்டது என்று பல்லக்கா பூரித்துப்போனாள்.

படத்தோடு வீட்டுக் கதை, உடம்பு வலி எல்லாம் அவள் எழுதி அனுப்புவாள். அவன் நகர்த்தலோடும் ஒரு வரி ஒட்டிக்கொண்டு வரும். 'தோள்பட்டையில அந்த நீலம் எப்படி வந்தது? பிரமாதம்.' இன்னொரு நாள், 'முட்டி வலி கொறைஞ்சுதா?' போனில் இரண்டு நிமிஷம் நிற்காதவன், எழுதும்போது மட்டும் இப்படிக் குழைந்தான்.

போன் அடித்தது.

"அம்மா, ஏர்போர்ட்ல இருந்து கிளம்பிட்டோம்."

"வாடா வா. உன் தளபதிக்குக் கண்ணு மட்டும்தான் பாக்கி."

"சரி, சரி. அம்மா... அவளும் வர்றா."

"வரட்டும். வீட்டுல இடமா இல்ல?"

"பேசுவியா?"

"பெயிண்ட் காயுது. வெச்சிடறேன்."

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டவன் அவன். பெற்ற மனசு, அவனை மன்னித்துவிட்டது. மருமகளோடு மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. வீடியோவில் அந்த முகம் எட்டிப் பார்த்தால் கேமராவைக் கூரைக்குத் திருப்பிவிடுவாள் பல்லக்கா.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தளபதிக்குக் கண் வைத்தாள். மகன் பக்கத்து ஆள் என்பதால் தன் ஆட்களுக்குப் பார்த்ததைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே பார்த்துப் பார்த்துப் பூசியிருந்தாள். காய்ந்ததும் அவன் படையின் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

வாசலில் கார் நின்றது. இரண்டு கையிலும் பெட்டியோடு நுழைந்த மகன், அவளைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலே மேசையைப் பார்த்தான்.

"என்னம்மா இது? என் பழைய பொம்மையெல்லாம் எடுத்துக் கடை பரப்பியிருக்க?"

"நடிக்காதடா. போன வாரம் என் துப்பாக்கிக்காரியைச் சுட்டுத் தள்ளினது நீதானே?"

"நானா? இதைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. அந்தப் புயல் கணக்கு எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல எப்பவோ தொறந்தது, மூடாம அப்படியே கெடக்கு." அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அதற்குள் அவன் போன் கூப்பிட்டது. "ஆபீஸ்மா, ஒரு நிமிஷம்" என்று வெளியே நடந்தான்.

பல்லக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் முட்டி வலியை விசாரித்தது யார்? ஊர் பேர் தெரியாத எவனிடமோவா இத்தனை நாளும் மனசைக் கொட்டினோம்? ஃப்ரிட்ஜ் உறுமுவது மறுபடி காதில் விழுந்தது.

வாசலோரம் தயங்கி நின்ற மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பல்லக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேசைக்கு முன்னால் மண்டி போட்டு, தளபதியின் கண் மட்டத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவந்து, எந்தச் சுவருக்குப் பின்னால் யார் தெரிகிறார்கள் என்று ஆற அமரப் பார்த்தாள்.

பிறகு வண்ணத்தில் விரல் படாமல் அடிக்கட்டையைப் பிடித்துத் தூக்கி, தளபதியை இடிந்த சுவரின் மறைவில் வைத்தாள்.

"உங்க முறை, அத்தை."